இரைச்சலுக்கு அடியில்

சாமான் லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. கடைசி வீடுவரை வந்தால் வண்டியைத் திருப்ப இடமில்லை என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். கட்டிலையும் பீரோவையும் தள்ளுவண்டியில் ஏற்றி இரண்டு பேர் முன்னால் இழுக்க, லிஃப்ட் மெக்கானிக் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் மனைவி மட்டும் ஓர் அட்டைப்பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று மெக்கானிக் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

வீடு பழையது. வாடகைக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு ஆணி அடித்தே சுவர்கள் களைத்துப்போயிருந்தன. துருப்பிடித்த குழாய்க்குள் ஓடும் மின்கம்பிகள், மரப்பலகையில் வரிசையாகக் கறுத்த சுவிட்சுகள், கால் வைத்தால் முனகும் மாடிப்படி. கதவைத் திறந்ததும் ஈரமண் வாசனை அடித்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தெருவெல்லாம் புழுதி. வீட்டுக்குள் மட்டும் அப்போதுதான் சேற்றைக் கிளறிவிட்டதுபோல.

"ஓதம் அடிக்குது" என்றார் அவர்.

"ஜன்னலைத் திறந்து வச்சா போயிடும்" என்றாள் அவள்.

அவளுக்கு வேலை காது பரிசோதனை நிலையத்தில். புதுக் கிளைக்கு மாற்றல் வந்ததால்தான் இந்த ஊர், இந்த வீடு. சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வாள். பதினெட்டு வருட அனுபவம். கேட்டும் கேட்காத மாதிரி நடிப்பவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள் என்று நிலையத்தில் பேர். மெக்கானிக்கின் முகத்தை மட்டும் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. கட்டிய புருஷனை யார் பரிசோதனை செய்வார்கள்?

மற்ற சாமான்களெல்லாம் கூடத்தில் குவிந்து கிடக்க, அவள் முதலில் அந்த அட்டைப்பெட்டியைத்தான் பிரித்தாள். பழைய போர்வையில் சுற்றி, பத்திரமாக, தொலைவில் இருப்பவர்களோடு பேச அவர் வைத்திருந்த ஹாம் ரேடியோ.

"இதைப் போய் எதுக்கு..." என்று இழுத்தார்.

"ரெண்டு வருஷமா பெட்டிக்குள்ளயே கிடக்குது. இங்கே மாட்டுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அரைமணி நேரம் போட்டு வைங்க. எனக்கு ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா உக்காந்திருக்கேன். அவன் பேசற நேரம் அது."

அவன் என்றால் அவள் தம்பி. ஆள் ஒல்லி, குரல் கீச்சு. அதனால் குருவி என்று பட்டப்பெயர். மலைமேல் மழை அளக்கும் நிலையத்தில் காவல் வேலை. மாதத்தில் இருபது நாள் ஓடைக்கரையில் ஒரு தகரக் குடிசையில் தனியாக இருக்க வேண்டும். செல்போன் அங்கே எடுக்காது. அத்தானிடம் பார்த்துப் பழகி, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, கையடக்கமான ஒரு ரேடியோவை மேலே கொண்டுபோனான். தினமும் மாலை ஐந்து மணிக்கு அவனும் அத்தானும் பேசுவார்கள். என்ன சாப்பிட்டான், எத்தனை அங்குலம் மழை, எந்தக் குரங்கு சோப்பைத் திருடிக்கொண்டு போனது என்று உப்புச்சப்பில்லாத பேச்சுதான். ஆனாலும் அக்காவுக்கு அது ஒரு நிம்மதி. அத்தான் பேசி முடித்ததும் மேசையிலிருக்கும் மோர்ஸ் சாவியை, தந்தி அடிக்கும் அந்தக் கட்டையை, இரண்டு தட்டு தட்டுவார். 'கேட்டேன், சரி' என்று அர்த்தம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் மலைச்சரிவு அந்தக் குடிசையை வாரிக்கொண்டு போனது. நான்காவது நாள்தான் அவனைத் தோண்டியெடுத்தார்கள். மழைக்கோட்டு போட்டு, பையைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக இருந்தவன் மாதிரி இருந்தான். மேற்குப் பக்கம் இறங்கும் பாதை கடைசிவரை நன்றாகவே இருந்திருக்கிறது. பையைக் கட்டியவன் ஏன் போகாமல் உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

"அன்னைக்கு அவன் கூப்பிடவே இல்லையா?" என்று எல்லாரும் மெக்கானிக்கிடம் கேட்டார்கள்.

"முழுசா ஒரு மணி நேரம் கேட்டேன். வெறும் இரைச்சல்தான்" என்றார் அவர்.

உண்மையில் அவர் கேட்டது மூன்று நிமிடம்.

அன்று காலையிலிருந்து லிஃப்ட் குழிக்குள் நின்று முதுகு விட்டுப்போயிருந்தது. அவள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. ரேடியோவைப் போட்டால் ஒரே இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்றும் அவருக்குத் தெரியும். கூடத்து மூலையில் மீன்தொட்டி, அதன் மோட்டாருக்கு வாங்கிய மலிவு அடாப்டர். எழுந்துபோய்ப் பிடுங்கினால் நின்றுவிடும். பத்து அடி தூரம். எழுந்துகொள்ளச் சலிப்பாக இருந்தது. இரைச்சலுக்கு அடியில் குருவியின் குரல் ஏறி இறங்குவது தெரிந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வழக்கமான அரட்டைதானே என்று சாவியை இரண்டு தட்டு தட்டிவிட்டு, ரேடியோவை அணைத்து, சோபாவில் சாய்ந்துவிட்டார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புது வீட்டில் ரேடியோவை மாட்டிய முதல் மாலை, ஐந்து மணிக்குச் சுவிட்சைப் போட்டதும் கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் கொட்டியதுபோல இரைச்சல் பீறிட்டது. இரைச்சலின் அளவைக் காட்டும் மீட்டர் முள் ஒன்பதைத் தாண்டி நடுங்கியது. இந்த இரைச்சலில் பக்கத்துத் தெருவிலிருந்து பேசினால்கூட ஒன்றும் கேட்காது.

மெக்கானிக்குக் கூசாமல் ஒரு நிம்மதி வந்தது. "வீடு அப்படி. பழைய வயரிங். ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அவள் அரைமணி நேரம் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"முப்பது மாடி லிஃப்ட்ல எங்கேயோ ஒரு போல்ட் ஆடறதைக் காதாலயே கண்டுபிடிக்கற ஆள் நீங்க. ஒண்ணும் பண்ண முடியாதுன்னு என்கிட்ட சொல்லாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தார்கள். முறை எளிதுதான். ரேடியோவை பேட்டரியில் ஓட்ட வேண்டும். பிறகு வீட்டின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது முள் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அவள் மேசையருகில் முள்ளைப் பார்த்துச் சொல்ல, அவர் வாசல் பலகையில் நின்று கழற்றினார்.

"இறங்கலை... இறங்கலை... ஆங், இறங்குது."

சமையலறை வரிசை. அங்கே போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு செல்போன் சார்ஜர். கூடத்தில் முந்தின குடித்தனக்காரர் விட்டுப்போன எல்.இ.டி. பல்பு ஒன்று, அதை எரியவிட்டாலே ரேடியோ வண்டு மாதிரி ரீங்கரித்தது. வைஃபை பெட்டியின் கம்பிக்குக் இரைச்சலை உறிஞ்சும் கறுப்பு ஃபெரைட் வளையங்களை வளையல் மாதிரி வரிசையாக மாட்டினார். ஆன்டெனாவை வீட்டுச் சுவரிலிருந்து விலக்கிக் கொல்லை மூலைக்குக் கொண்டுபோனார். அவரையறியாமலே வேலையில் ஒரு ருசி தட்டியது. எதற்காக இதைச் செய்கிறோம் என்பதைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டார்.

முள் ஒன்பதிலிருந்து ஆறுக்கு வந்தது.

அன்று மாலை ஐந்து மணி. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது. அவள் காபி போட உள்ளே போயிருந்தாள். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு குமிழை மெல்லத் திருப்பி, அந்தப் பழைய அலைவரிசையில் நிறுத்தினார்.

இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஏறி இறங்கியது.

வார்த்தை இல்லை. தாளம் மட்டும். கேள்வி கேட்பதுபோல மேலே போய் நின்றது. கொஞ்ச நேரம் மௌனம். மறுபடியும் முதலிலிருந்து.

அந்தத் தாளம் அவருக்குப் பழக்கம். இரண்டு வருடமாகத் தூக்கத்தில் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏதாவது கேட்டுச்சா?" காபியோடு வந்தவள் கேட்டாள்.

"இல்ல. எங்கேயோ மோட்டார் ஓடுது."

அவள் தம்ளரை நீட்டியபடி அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரர். ராத்திரி பகல் என்றில்லாமல் மெஷின் ஓடும். வீட்டுக்கு உள்ளே சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டதால், அடுத்து அவரிடம் போகலாம் என்றாள் மனைவி. பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். எந்தப் பக்கம் இரைச்சல் கூடுகிறதோ அந்தப் பக்கம் குற்றவாளி என்கிற அளவுக்கு வித்தை பிடிபட்டிருந்தது. தையல்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, என் மெஷினுக்கு ஜோசியம் பாக்கறீங்களா?"

"உங்க மெஷின் லைட்டுக்கு ஒரு அடாப்டர் இருக்கே, அது எங்க ரேடியோவைப் பேச விடமாட்டேங்குது அண்ணே. வேற நல்லதா இவர் மாட்டித் தருவார். நிமிஷத்துல ஆயிடும்."

"தாராளமா மாட்டுங்க. என் வீட்டுக்காரியையும் கொஞ்சம் பேச விடாம பண்ண ஏதாவது இருந்தா அதையும் மாட்டிடுங்க."

அவள் சிரித்தாள். தம்பி போனபிறகு அவள் சிரித்து மெக்கானிக் பார்த்ததில்லை. அடாப்டரை மாற்றும்போது அவருக்குத் திருப்புளி இரண்டு முறை நழுவியது.

முள் மூன்றுக்கு இறங்கியது.

மறுநாள் மாலை அவள் ஹெட்ஃபோனை ரேடியோவிலிருந்தே பிடுங்கிவிட்டாள். "ரெண்டு பேருமே கேக்கலாம்." ஸ்பீக்கரிலிருந்து இரைச்சல் இப்போது தூரத்து மழைபோல மெல்லியதாக வந்தது. ஐந்து மணி. ஐந்து இரண்டு. ஐந்து மூன்று.

"...மேற்குப் பாதை..."

அவள் நிமிர்ந்தாள்.

"...வெளிச்சம் இருக்கும்போதே..."

பிறகு மறுபடி மழைச்சத்தம்.

"தம்பி குரல்" என்றாள் மெதுவாக.

"எவனோ பேசறான். தூரத்து ஸ்டேஷன். அந்தக் குரல் மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

"என் தம்பி குரல் எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளர்த்த பிள்ளை."

வீட்டுக்குள் ஈரமண் வாசனை கூடியிருந்தது. ஜன்னல்களெல்லாம் திறந்துதான் இருந்தன.

அன்றிரவு அவர் செய்த காரியத்தை நினைத்தால் பிற்பாடு அவருக்கே அருவருப்பாக இருந்தது. அவள் தூங்கியபிறகு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து கழற்றிப்போட்ட அந்தப் பழைய சார்ஜரைக் குப்பைப் பெட்டியிலிருந்து தேடியெடுத்து, பரண் ஓரத்துப் பிளக்கில் சொருகி, முன்னால் பழைய தலையணைகளை அடுக்கி மறைத்தார். அடுத்த நாள் ஐந்து மணிக்கு முள் எட்டில் போய் நின்றது. எண்ணெய் கொதித்தது.

"திரும்ப வந்துடுச்சே" என்று உச்சுக்கொட்டினார். தன் குரல் தனக்கே பொய்யாக ஒலித்தது.

அவள் குட்டி ரேடியோவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். கூடம், சமையலறை, மாடிப்படி. பரணுக்குக் கீழே வந்ததும் ரேடியோ அலறியது. ஸ்டூலைப் போட்டு ஏறினாள். தலையணைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

இறங்கி வந்தபோது அவள் உள்ளங்கையில் அந்தச் சார்ஜர் இருந்தது.

"இதை யார் சொருகினது?"

"நான்தான்."

"ஏன்?"

அவர் கீழே விழுந்த தலையணைகளைப் பொறுக்கினார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள். மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. ஒரு வீட்டில் இத்தனை சத்தம் இருந்திருக்கிறது என்பது அது நின்றபிறகுதான் தெரிகிறது.

எதிர்வீட்டு மெஷினும் நின்றது. தெருவில் ஆள் நடமாட்டமும் இல்லை.

பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவின் முள், சார்ஜரைப் பிடுங்கியதிலேயே எட்டிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. பிறகு யாரும் எதையும் தொடாமலே இரண்டுக்கு. ஒன்றுக்கு.

முள் பூஜ்யத்தில் படுத்தது. பொட்டு இரைச்சல் இல்லை. அவ்வளவு சுத்தமான மௌனத்தை எந்த ரேடியோவிலும் மெக்கானிக் கேட்டதில்லை. வானத்தில் எப்போதும் ஏதாவது ஒரு சலசலப்பு இருக்கும். இதில் அதுகூட இல்லை.

அந்த மௌனத்துக்குள் தகரக் கூரையில் மழை பெய்தது.

"அத்தான். குருவி பேசறேன்."

பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல இருந்தது.

"கிழக்குப் பாதை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு அத்தான். மேற்குப் பாதை இருக்கு. வெளிச்சம் இருக்கும்போதே அதுல இறங்கிடட்டுமா? இல்ல, நீங்க சொல்லி ஆள் அனுப்பறீங்களா? இந்த மழையில நீங்க பேசறது இங்கே சரியா கேக்காது. ஆள் வராங்கன்னா ரெண்டு தட்டு தட்டுங்க. நான் எங்கேயும் போகாம இங்கேயே இருக்கேன்."

மழை.

அந்த மழையினூடே, தெளிவாக, இரண்டு தட்டு.

மேசைமேலிருந்த சாவியை யாரும் தொடவில்லை.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு அத்தான். சரி. பையைக் கட்டி வச்சுட்டேன். காத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது. "அத்தான். குருவி பேசறேன்."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளாகத் தன் குற்றம் இன்னதென்று தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று. கேட்டிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தார். தான் அவனுக்குப் பதில் சொல்லியிருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"தட்டினது நீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா."

"அவன் சொன்னதைக் கேட்டுட்டா?"

"இல்ல. குரல் மட்டும் கேட்டுச்சு. வார்த்தை புரியலை. ரொம்ப அலுப்பா இருந்தது. பேச்சை முடிச்சா போதும்னு தட்டிட்டு அணைச்சுட்டேன்."

"எது இரைஞ்சுது அன்னைக்கு?"

"மீன்தொட்டி மோட்டார்."

"அதைப் பிடுங்கியிருந்தா?"

"கேட்டிருக்கும். முழுசும் கேட்டிருக்கும்."

"எவ்வளவு தூரம்?"

"பத்து அடி."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. அந்தச் சார்ஜரை மேசைமேல் ஓசைப்படாமல் வைத்தாள். ரேடியோவில் அவள் தம்பி மூன்றாவது முறையாகப் பாதையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றாள். "ரெண்டு வருஷமா. பையை மாட்டிக்கிட்டு." மைக்கை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"உண்மையைச் சொல்லுங்க. என்கிட்ட சொல்லாததை அவன்கிட்டயாவது சொல்லுங்க."

அவர் மைக்கை வாங்கினார். பொத்தானை அழுத்தினார்.

"குருவி. அத்தான் பேசறேன். ஆள் யாரும் வரலைப்பா. நான் யார்கிட்டயும் சொல்லலை. நீ கேட்டது எனக்குப் புரியவே இல்லை. நான் சும்மாதான் தட்டினேன். நீ காத்திருக்காதே. மேற்குப் பாதையில இறங்கி வந்துடு. எங்ககிட்ட வந்துடு."

பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

மழைச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு தகரக் கதவின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டுத் திறக்கும் ஓசை.

அதற்குப் பிறகு ரேடியோவில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது.

அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு அவள் ஸ்பீக்கரின் பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் காதுக்கு அது செத்த பெட்டி. அவளோ நடுநடுவே தலையை ஆட்டினாள். ஒருமுறை, "பாத்து, பாசி வழுக்கும்" என்றாள்.

"என்ன சொல்றான்?"

"இறங்கிட்டிருக்கான். உங்களுக்குக் கேக்கலை?"

"இல்ல."

இந்த முறை அவர் சொன்னது நிஜம். அவள் அவர் முகத்தை வேலையில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சனிக்கிழமை நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தாள். எறும்பு ஊர்வது மாதிரி மெல்லிய ஒலிகளுக்குக்கூட அவர் தப்பாமல் பொத்தானை அழுத்தினார். கண்ணாடிக்கு வெளியே அவள் தாளில் குறித்துக்கொண்டே போனாள்.

"காதுல ஒரு கோளாறும் இல்லை" என்றாள் கதவைத் திறந்து. "இருபது வயசுக்காரனுக்கு இருக்கற காது."

ஒவ்வொரு மாலையும் அவளே அவருக்குச் செய்தி சொன்னாள். ஓடையைத் தாண்டிவிட்டான். தார்ச்சாலைக்கு வந்துவிட்டான். வழி கேட்டான், சொன்னேன். தெருப்பெயர் சொன்னேன். அவள் சொல்வது ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாக இருந்தது. அவருக்கு நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்ன அறையை அவள் ஒழித்து, கழுவி, கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்தாள். அவர் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். அந்த வீட்டில் கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை அதுதான்.

ஒன்பதாவது நாள் அவள் ரேடியோவைப் போடவில்லை. போர்வையில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள்.

"அஞ்சு மணி ஆச்சே" என்றார் அவர்.

"இனிமே எதுக்கு?" என்றாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவள் நேரே சின்ன அறைக்குப் போய்விடுவாள். கதவு ஒருக்களித்திருக்கும். அவர் வெளியே நின்று கேட்பார். அவள் குரல் கேட்கும். எதையோ சொல்வாள், நிறுத்துவாள், சிரிப்பாள், "போடா" என்பாள். அவள் நிறுத்துகிற இடங்களில் அவருக்கு எதுவும் கேட்காது. கதவைத் தள்ளிப் பார்த்தால் கட்டில், விரிப்பு, ஜன்னல். அவள் கண்களை எடுக்காமல் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"என்னைப் பத்தி என்ன சொல்றான்?" என்று ஒருநாள் துணிந்து கேட்டார்.

"அதை அவனே உங்ககிட்ட சொல்வானாம்" என்றாள். "கேக்கற அன்னைக்கு."

அவர் காத்திருந்தார். வேலைக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். அவள் இல்லாத பகல்களில் மின்விசிறியை நிறுத்தி, ஃப்ரிட்ஜை நிறுத்தி, சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றிவிட்டு, சின்ன அறையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தன் மூச்சுச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஊசி துணியில் இறங்குவது கேட்டது. "மன்னிச்சுடுப்பா" என்று அந்தக் காலி அறையைப் பார்த்து எத்தனையோ முறை சொன்னார். காதைத் தீட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். ஒன்றுமே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல். அவள் வேலைக்குப் போயிருந்தாள். மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர் வந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். அந்தத் தெருவில் யாரையும் தெரியாது. கூடத்துச் சுவரில் இருந்த மீட்டரை அண்ணாந்து பார்த்துக் கையிலிருந்த கருவியில் எண்ணைத் தட்டினார். மெக்கானிக் அருகில் நின்றிருந்தார். மத்தியான நேரம், வீடு நிசப்தமாக இருந்தது.

கணக்கெடுக்க வந்தவர் எண்ணைத் தட்டுவதை நிறுத்தினார். சின்ன அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி அறைப் பக்கம்.

"சார், தப்பா நினைக்காதீங்க" என்றார் தயக்கத்தோடு. "நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன். அந்தப் பிள்ளை அத்தான் அத்தான்னு உங்களைத்தானே கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? பாவம், தொண்டையே கட்டிப்போச்சு."